நான் எழுதாத வரி

மூன்று வருடங்களாக எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் என்னைப் பிடித்திருந்தது. பெருமைக்காகச் சொல்லவில்லை. எனக்கே அது பெரிய ஆச்சரியமாகத்தான் இருந்தது. இதற்கு முன் இரண்டு கம்பெனிகளில் குப்பை கொட்டியவன் நான். வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுவதால் இரண்டிலும் எனக்குக் 'கத்தரி' என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். ஒருநாள் ஒருவன் வேறு யாருக்கோ அனுப்ப வேண்டிய செய்தியை எனக்கே அனுப்பிவிட்டான். "கத்தரி கிளம்பிருச்சா?" என்று இருந்தது. "இல்லை" என்று பதில் போட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுதானே மரியாதை.

இந்தக் கம்பெனியில் என்னை யாரும் கத்தரி என்று சொல்லவில்லை. 'அண்ணா' என்றார்கள். மேனேஜர்கூட அண்ணா என்றுதான் கூப்பிட்டார். நாற்பத்தைந்து வயதில் எனக்கு இத்தனை தம்பி தங்கைகள் எங்கிருந்து முளைத்தார்கள் என்று தெரியாமலே நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பஸ் டிக்கெட் பதிவு செய்கிற ப்ரோகிராம் எங்களுடையது. அதை எழுதுவது என் வேலையில் பாதி. மற்றவர்கள் எழுதியதை வரி வரியாகப் படித்து, தப்பு இருந்தால் அந்த வரிக்குக் கீழே கமென்ட் எழுதி, சரியான பிறகு அனுமதி கொடுப்பது மீதிப் பாதி. நான் அனுமதி கொடுக்காமல் ஒரு வரிகூட வெளியே போகாது. ஒரே இருக்கையை இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டால் பஸ்ஸுக்குள் கைகலப்பு ஆகிவிடும் என்பதால் நான் ரொம்பக் கறார்.

கமென்ட் எழுதுவதில் நான் சிக்கனக்காரன். "ஏன்?" என்று எழுதுவேன். "தேவையில்லை" என்று எழுதுவேன். "மறுபடி எழுது." ரொம்ப நன்றாக இருந்தால் "சரி." அதற்கு மேல் வார்த்தையைச் செலவு செய்வது எனக்கு வராது. நான் குறை சொல்வது ப்ரோகிராமைத்தான், ஆளை இல்லை என்பது என் கட்சி. இந்தக் கட்சியில் ஆரம்பத்திலிருந்து ஒரே ஒரு உறுப்பினர்தான்.

நான் சேர்ந்த கொஞ்ச நாளில் கம்பெனி ஒரு புதிய வலைப்பக்கத்துக்கு மாறியது. எல்லோரும் அங்கே போய்த்தான் கமென்ட் எழுத வேண்டும். வண்ண வண்ணப் பொத்தான்கள், பக்கத்தில் ஒவ்வொருவர் போட்டோ, கட்டைவிரல் பொம்மைகள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுத்து மட்டுமே தெரிகிற என்னுடைய பழைய கருப்புத் திரையை விட்டு நகர மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். மேனேஜர் கெஞ்சிப் பார்த்தார். கடைசியில் டெஸ்டர் அக்காவிடம் சொல்லி ஒரு சின்ன ப்ரோகிராம் எழுத வைத்தார். நான் கருப்புத் திரையில் எழுதுவதை அது எடுத்துக்கொண்டு போய் வலைப்பக்கத்தில் என் பெயரில் ஒட்டும். அங்கே வருகிற பதிலை எடுத்து வந்து என் திரையில் போடும். அதற்கு அவர் தபால்காரன் என்று பெயர் வைத்திருந்தார். தபால்காரன் அவருடைய மேசைக்குக் கீழே இருந்த ஒரு பழைய பெட்டியில் ஓடிக்கொண்டிருந்தான். அந்த மூன்று வருடத்தில் ஒரு முறைகூட நான் அந்த வலைப்பக்கத்தைத் திறக்கவில்லை. அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டிருந்தேன்.

டெஸ்டர் அக்கா என்று எல்லோரும் கூப்பிட்டது, நாங்கள் எழுதுவதைப் போட்டு உடைத்துப் பார்க்கிற வேலையில் இருந்தவரை. ஐம்பது வயதைத் தாண்டியவர். எனக்கு எதிர் மேசை. நான் அவரை அக்கா என்று கூப்பிட்டதில்லை. எதுவுமே சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் "ஏங்க" என்பேன். இல்லையென்றால் எதிரில் இருந்தாலும் செய்தி அனுப்புவேன்.

இந்த நிலையில்தான் எல்லோருக்கும் என்னைப் பிடிக்க ஆரம்பித்தது. "நீங்க சொல்ற விதமே தனி அண்ணா" என்பார்கள். நான் சுருக்கமாகச் சொல்வதைத்தான் பாராட்டுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். கடைசியில் ஒரு இடத்திலாவது விவரம் தெரிந்தவர்கள் இருக்கிறார்களே என்று நிம்மதியாக இருந்தது.

அதிலும் தாடி. முப்பது வயதுக்காரன், நிஜமாகவே மார்பு வரைக்கும் தாடி. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பான். சாப்பாட்டு அறையில் ஜன்னலோரம் நாலு பேர் உட்காரும் மேசை ஒன்று உண்டு. தினமும் அவன் முன்னால் போய், ஒரு நாற்காலியில் தன் தண்ணீர் பாட்டிலை வைத்துவிடுவான். யாராவது உட்கார வந்தால் "அண்ணா வருவாரு" என்பான். நான் போனதும் பாட்டிலை எடுத்துவிட்டு நகர்ந்து உட்காருவான். என் வாழ்க்கையில் எனக்காக யாரும் இடம் பிடித்து வைத்ததில்லை. பஸ்ஸில்கூட.

இரண்டு வருடத்துக்கு முன் அவன் இரண்டு வாரம் வேலைக்கு வரவில்லை. திரும்பி வந்த அன்று நேராக என் மேசைக்கு வந்து, என் வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. "அண்ணா, நீங்க எழுதினது ஒண்ணுதான் அப்ப எனக்குத் தெம்பா இருந்துச்சு" என்றான்.

எதை எழுதினேன் என்று எனக்கு நினைவில்லை. ஏதோ ஒரு "சரி"யாக இருக்கும் என்று நினைத்து, "பரவாயில்ல, அடுத்த தடவை டெஸ்ட் எழுதிட்டு அனுப்புங்க" என்றேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டான். மனசை லேசாக்குவதற்காக நான் அப்படிச் சொன்னேன் என்று பிறகு எல்லோரிடமும் சொன்னானாம். அவனுடைய அப்பா இறந்துபோனது ஒரு மாதம் கழித்து, சாப்பாட்டு மேசையில் வேறு யாரோ பேசும்போதுதான் எனக்குத் தெரிந்தது. துக்கம் கேட்கிற கெடு தாண்டிவிட்டது என்று சும்மா இருந்துவிட்டேன். ஆனால் அவன் கையைப் பிடித்ததை மட்டும் நான் மறக்கவில்லை. மனைவி விட்டுவிட்டுப் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. "உங்ககூட பேசறதும் சுவரோட பேசறதும் ஒண்ணு, சுவர்னா திருப்பி 'ஏன்'னு கேக்காது" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அதற்குப் பிறகு என் கையை ஒருவர் பிடித்தது அன்றைக்குத்தான். அன்று முழுக்க வலது கையால் மவுஸைத் தொடாமல் இருந்தேன். நான் எப்போதுமே தொடுவதில்லைதான், இருந்தாலும் அன்று வேண்டுமென்றே தொடவில்லை.

என் வீட்டில் ஒரு அறை, ஒரு சமையல் மேடை, இரண்டு நாற்காலி. ஒன்றில் நான் உட்காருவேன், இன்னொன்றில் துவைத்த துணி உட்கார்ந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி போன் செய்வாள். வாரத்தில் அலுவலகத்துக்கு வெளியே நான் பேசுவது அந்தப் பத்து நிமிடம்தான்.

"ஆபீஸ்ல எல்லாரும் என்கிட்ட நல்லா பழகறாங்க" என்று ஒருமுறை சொன்னேன்.

"எந்த ஆபீஸ்ல?"

"என் ஆபீஸ்லதான்."

"நீ மாறிட்டியா, இல்ல அவங்க ஏமாந்துட்டாங்களா?" என்று கேட்டாள். பின்னால் மாப்பிள்ளை சிரிப்பது கேட்டது. கூடப் பிறந்தவளுக்கு நம் நல்லதே பொறுக்காது என்று நினைத்துக்கொண்டு போனை வைத்தேன்.

டெஸ்டர் அக்கா போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வேலையை விட்டார். மகள் இருக்கும் ஊரிலேயே வேறு வேலை கிடைத்திருந்தது. கேக் வெட்டினார்கள் என்று நினைக்கிறேன். நான் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, ப்ரோகிராமில் யாரோ செய்திருந்த ஒரு பெரிய மாற்றத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். நடுவில் அவர் என் மேசைப் பக்கம் வந்து நின்றார். ஒரு நிமிடம் என்று விரலைக் காட்டினேன். நான் நிமிர்ந்தபோது அவர் இல்லை. எதிர் மேசை துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை அவருடைய மேசைக்குக் கீழே இருந்த பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கிற ஆள் தபால்காரனைப் புதிதாகப் பொது சர்வரில் நிறுவிவிட்டு, "எப்பவும் போல எழுதுங்க சார்" என்றார். எப்பவும் போலத்தான் எழுதினேன்.

அந்த வாரமே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாத ஒரு பெண், நான் காபி எடுக்கப் போனால் கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டுப் போனாள். அடுத்த வாரம் தாடியின் மாற்றம் ஒன்றுக்கு நாலு இடத்தில் "ஏன்?" என்றும், ஒரு இடத்தில் "இதை எழுதியவர் தூங்கிக்கொண்டே எழுதினாரா?" என்றும் எழுதினேன். இந்த மாதிரி நூறு தடவை எழுதியிருக்கிறேன், அவன் எப்போதும் "நன்றி அண்ணா" என்றுதான் பதில் போடுவான். இந்த முறை பதில் வந்தது: "மாற்றிவிட்டேன் சார்."

அன்று மதியம் சாப்பாட்டு அறைக்குப் போனேன். ஜன்னலோர மேசையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். என் நாற்காலியில் வேறு யாரோ. தண்ணீர் பாட்டில் தாடியின் கைக்குப் பக்கத்தில் இருந்தது. அவன் என்னைப் பார்த்தான், தலையைக் குனிந்து சாப்பிட ஆரம்பித்தான். நான் டப்பாவைத் தூக்கிக்கொண்டு மேசைக்கே திரும்பி வந்து, ஹெட்ஃபோனில் எதுவும் ஓடவிடாமல் மாட்டிக்கொண்டு சாப்பிட்டேன். நான் என்ன செய்தேன் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். எதையும் புதிதாகச் செய்யவில்லையே என்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

மூன்றாவது வாரம் மேனேஜர் கூப்பிட்டார். என்னைவிட ஆறு வயது சின்னவர், நல்ல மனிதர். கதவைச் சாத்திவிட்டு, தண்ணீரை என் பக்கம் நகர்த்தினார்.

"வீட்ல ஏதாவது பிரச்சனையாண்ணா?"

"வீட்ல நான் மட்டும்தான் இருக்கேன்."

"உடம்புக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. என்ன விஷயம்?"

அவர் இரண்டு காகிதங்களை எடுத்து வைத்தார். "புதுசா சேர்ந்த அந்தப் பொண்ணு வேற டீமுக்கு மாத்தச் சொல்லிக் கேட்டுருக்கு. தாடியும் கேக்கலாமான்னு யோசிக்கறானாம். இது இந்த மூணு வாரத்துல நீங்க எழுதினது. இது அதுக்கு முன்னாடி எழுதினது. ரெண்டும் ஒரே ஆள் எழுதினதான்னே தெரியலண்ணா."

முதல் காகிதத்தில் இருந்தது எல்லாம் என்னுடையது. ஏன், தேவையில்லை, மறுபடி எழுது. இரண்டாவது காகிதத்தைப் படித்தேன். "இதை இப்படிச் செய்ததற்கு ஒரு காரணம் இருக்கும். சொன்னால் எனக்கும் உதவும்." "பாதி தூரம் வந்துவிட்டீர்கள். மீதியை வேறு வழியில் யோசித்துப் பார்க்கலாமா?" ஒவ்வொன்றுக்கும் மேலே என் பெயர். நான் அந்த மாதிரி ஒரு வாக்கியத்தைப் பள்ளிக்கூடத்துக் கட்டுரையில்கூட எழுதியதில்லை.

இது என்னுடையது இல்லை என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, காகிதத்தைக் கவிழ்த்து வைத்தேன்.

"இந்த மாசம் முடியறதுக்குள்ள பழையபடி ஆயிடுங்கண்ணா" என்றார் மேனேஜர். "இல்லன்னா மத்தவங்க வேலையைப் பாக்கற பொறுப்ப உங்ககிட்டேருந்து எடுக்க வேண்டியிருக்கும். மாடியில ஒரு ரூம் காலியா இருக்கு. அங்க தனியா ஒரு ப்ராஜெக்ட் தரச் சொல்றாங்க. எனக்கு அதுல இஷ்டமே இல்ல."

பத்து வருடத்துக்கு முன் தனி அறை தருகிறோம் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே பெட்டியைக் கட்டியிருப்பேன். இப்போது அந்த வார்த்தையைக் கேட்டதும் ஜன்னலோர மேசைதான் நினைவுக்கு வந்தது.

மேசைக்கு வந்து முதல் முறையாக அந்த வலைப்பக்கத்தைத் திறந்தேன். கடவுச்சொல் மறந்துபோய், அதை மீட்பதற்கே அரைமணி நேரம் ஆனது. என் பெயருக்குப் பக்கத்தில் யாரோ என் போட்டோவைப் போட்டிருந்தார்கள், அலுவலகச் சுற்றுலாவில் எடுத்தது, கண்ணை மூடியிருந்தேன். கீழே மூன்று வருடத்துக் கமென்ட்கள். கடைசி மூன்று வாரத்தைத் தவிர எல்லாம் கனிவு. கட்டைவிரல் பொம்மைகளாகக் குவிந்து கிடந்தன. எனக்குத் தெரியாத ஒரு நல்ல மனிதன் என் பெயரில் மூன்று வருடம் வாழ்ந்திருந்தான்.

டெஸ்டர் அக்காவின் பெட்டியில் இருந்ததையெல்லாம் பொது சர்வரில் ஒரு மூலையில் பிரதி எடுத்து வைத்திருந்தார்கள். தேடினேன். தபால்காரனுக்குப் பக்கத்திலேயே ஒரு கோப்பு. இடது பக்கம் என் வார்த்தை, வலது பக்கம் அவருடையது. நூற்று நாற்பது வரிகள். "ஏன்?" என்பதற்கு மட்டும் பதினேழு விதமான மாற்று வைத்திருந்தார், தினமும் ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வருமே. தூக்கத்தைப் பற்றிய என் நக்கலுக்கு எதிரே, "சாப்பிட்டுவிட்டு வந்து இதை ஒருமுறை பார்க்கலாம்." நான் "சரி" என்று எழுதினால், "அருமை."

அதற்குக் கீழே தேதி போட்டு அறுபத்தொரு கமென்ட்கள். இவை தானாக மாறியவை அல்ல. ஒவ்வொன்றாக நிறுத்தி, அவர் கையாலேயே எழுதியவை. இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு தேதியில் கண் நின்றது. தாடி வேலைக்கு வராத முதல் வாரம்.

இடது பக்கம், நான்: "இரண்டு நாளாக நிற்கிறது. ஏன்?"

வலது பக்கம்: "அப்பாவைப் பற்றிக் கேள்விப்பட்டேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. இந்த வேலை எத்தனை நாளானாலும் காத்திருக்கும். நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் அம்மாவோடு இருங்கள்."

நாற்காலியில் சாய்ந்தேன். வலது கையைப் பார்த்தேன். தாடி பிடித்தது என் கையை. ஆனால் அவன் நன்றி சொன்னது எனக்கு எதிர் மேசையில் உட்கார்ந்து, எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்கு. அழுகை வந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. வந்தது.

டெஸ்டர் அக்காவின் எண் என் போனில் இல்லை. கம்ப்யூட்டர் பராமரிக்கிறவரிடம் வாங்கி, படிக்கட்டுப் பக்கம் போய்க் கூப்பிட்டேன்.

"ஏங்க" என்று ஆரம்பித்தேன்.

"அட, நீங்களா" என்றார். 'ஏங்க' போதுமாக இருந்தது போல. பிறகு குரல் இறங்கியது. "பாத்துட்டீங்களா?"

"பாத்தேன்."

"மன்னிச்சிருங்க. உங்க பேர்ல நான் எழுதினது தப்பு. ஆரம்பிக்கறப்ப அது ஒரு வாரத்துக்குன்னுதான் நெனச்சேன்."

"ஏன்?" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்திருக்க வேண்டும், முடியவில்லை.

"தபால்காரனை ஓட விட்ட மொத வாரம், ஒரு பொண்ணு பாத்ரூம்ல நின்னு அழுதுட்டு இருந்தா. நீங்க எழுதினதுல ஒரு தப்பும் இல்ல, நீங்க சொன்ன குறை எல்லாம் சரி. ஆனா எது எங்க உடையுதுன்னு பாக்கறதுதானே என் வேலை. இங்க உடைஞ்சது ஆளுங்க."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"ரெண்டு தடவை சொன்னேன். மொத தடவை 'அவங்க வேலைய ஒழுங்கா செஞ்சா போதும்'னீங்க. ரெண்டாவது தடவை 'ம்'னீங்க."

அது நானேதான்.

"போறதுக்கு முன்னாடியாவது..."

"வந்தேனே. அன்னைக்கு உங்க மேசைக்கு வந்து நின்னேன். விரலைக் காமிச்சீங்க. பத்து நிமிஷம் நின்னேன். அதுக்குள்ள அங்க கேக் வெட்டக் கூப்பிட்டுட்டாங்க."

படிக்கட்டில் யாரோ ஏறிப் போனார்கள். அவர்கள் போகிறவரை நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"'சரி'க்கு ஏன் 'அருமை'ன்னு போட்டீங்க?" என்று கேட்டேன். கேட்க வேண்டியது அது இல்லை. ஆனால் அதுதான் வாயில் வந்தது.

"நீங்க 'சரி'ன்னு எழுதறது மாசத்துக்கு ரெண்டு தடவை. எழுதின அன்னைக்கெல்லாம் சந்தோஷமா இருப்பீங்க, காலை ஆட்டிக்கிட்டே இருப்பீங்க. எதிர்ல உக்காந்து பாத்தவளுக்குத் தெரியாதா? அதை மட்டும் நான் மாத்தினதா நெனைக்கல. நீங்க சொன்னதைத்தான் போட்டேன்."

"சரிங்க அக்கா" என்றேன். போனை வைத்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பதே உறைத்தது.

மேசைக்குத் திரும்பினேன். அந்தக் கோப்பைத் தபால்காரனிடம் மறுபடி கொடுத்துவிடுவது ஒரே ஒரு வரிக் கட்டளை. அரை நொடி வேலை. தட்டெழுதி முடித்து, விரலைக் கடைசிப் பொத்தான் மேல் வைத்தேன். அழுத்தினால் திங்கட்கிழமைக்குள் எல்லாம் பழையபடி. மேனேஜர் முதுகில் தட்டிக்கொடுப்பார். அந்தப் பெண் காபியை முழுசாகக் குடிப்பாள். தாடி நாற்காலியில் பாட்டிலை வைப்பான். யாருக்கும் தெரியப் போவதில்லை, அக்கா சொல்ல மாட்டார். மாடி அறையும் கிடையாது, டப்பாவோடு திரும்பி வர வேண்டியதும் கிடையாது. பொய் சொல்லப் போகிறேன் என்ற உறுத்தல்கூட அப்போது எனக்குப் பெரிதாக இல்லை, உண்மையைச் சொல்கிறேன். எனக்கு அந்த நாற்காலி வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் அவன் மறுபடி "அண்ணா" என்பான். அப்போது நான் எந்த முகத்தோடு திரும்புவது? இதற்கு முன் தெரியாமல் திரும்பினேன். பாட்டிலை எடுத்துவிட்டு அவன் நகர்ந்து உட்காரும்போது, அங்கே போய் உட்காருகிறவன் நான் இல்லை என்று எனக்கு மட்டும் தெரிந்திருக்கும். மாடியில் ஒரு அறைக்குள் தனியாக இருப்பதைவிட, நாலு பேர் நடுவில் அப்படி உட்கார்ந்திருப்பது இன்னும் தனிமை என்று தோன்றியது. கட்டளையை ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். தபால்காரனையும் நிறுத்தினேன்.

வலைப்பக்கத்தில் தாடியின் அந்தப் பழைய மாற்றத்தைத் தேடிப் பிடித்தேன். நான் எழுதாத வரி அங்கே என் பெயரில் இருந்தது. அதற்கு ஒரே ஒரு பொம்மை, அவன் போட்டது. அதற்குக் கீழே ஒரு காலிப் பெட்டி. அதில் எழுத ஆரம்பித்தேன். நாலைந்து வரிக்கு நாற்பது நிமிடம் ஆனது. இரண்டு முறை அழித்தேன். "மன்னிக்கவும்" என்று ஆரம்பித்துப் பார்த்தேன், அது அக்கா எழுதியது போலவே இருந்தது, எடுத்துவிட்டேன். கடைசியில் இப்படி நின்றது:

"மேலே இருப்பது நான் எழுதியது இல்லை. டெஸ்டர் அக்கா என் பெயரில் எழுதியது. நான் எழுதியது: 'இரண்டு நாளாக நிற்கிறது. ஏன்?' உங்கள் அப்பா இறந்தது அன்றைக்கு எனக்குத் தெரியாது, நான் யாரிடமும் கேட்கவும் இல்லை. நீங்கள் கையைப் பிடித்தபோது அது எனக்கு என்றே நினைத்துக்கொண்டேன். இத்தனை நாளில் நான் கேட்கவே இல்லை, உங்கள் அப்பா எப்படிப்பட்டவர்?"

அனுப்பினேன். எங்கள் ப்ரோகிராம் ஒருமுறை ஒரே இருக்கையை இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்ட அன்றுகூட நான் இப்படிப் பயந்ததில்லை.

மூன்றாவது வரிசையில் தாடியின் தலை தெரிந்தது. அவன் திரையைப் பார்த்தான். கொஞ்சம் முன்னால் சாய்ந்தான். பிறகு ரொம்ப நேரம் அசையவே இல்லை. பதினோரு நிமிடம் கழித்துப் பதில் வந்தது.

"ஏன்?"

அண்ணா இல்லை. சார் இல்லை. அந்த ஒரு சொல் மட்டும்.

ஏன் அப்படி எழுதினீர்கள் என்கிறானா? இத்தனை நாள் கழித்து ஏன் இதைச் சொல்கிறீர்கள் என்கிறானா? என் அப்பாவைப் பற்றி இப்போது உங்களுக்கு ஏன் என்கிறானா? கோபமா, அழுகிறானா, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறானா? திரும்பத் திரும்பப் படித்தேன். ஒவ்வொரு முறையும் வேறு குரலில் கேட்டது, எல்லாக் குரலும் வலித்தது. இந்தச் சொல்லை நான் எத்தனை ஆயிரம் தடவை எத்தனை பேருக்கு அனுப்பியிருப்பேன். ஒரு தடவைகூட எனக்கு இது வந்ததில்லை.

பதில் எழுதக் கையை வைத்தேன். என்ன எழுதினாலும் அவனும் இதே மாதிரி உட்கார்ந்து, நான் என்ன குரலில் சொல்கிறேன் என்று தேட வேண்டியிருக்கும். ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தேன். என் மேசையிலிருந்து அவன் மேசைக்கு இருபத்திரண்டு அடி. மூன்று வருடத்தில் நான் அந்தப் பக்கம் நடந்ததே இல்லை.

போய் அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றேன். அவனுக்குத் தெரிந்தது, தோள் இறுகியது. ஆனால் திரும்பவில்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா பத்து நிமிடம் நின்றாராம். நான் பதினைந்து நிமிடமாவது நிற்பது என்று முடிவு செய்து, நின்றுகொண்டிருந்தேன்.